பென்சில் தடிப்பு

வெள்ளி பின்னேரம், லங்னவ் வீட்டின் சமையலறை மேசையில்
வரைபுத்தாளை விரித்து, சுருளாமல்
மூலைக்கொரு மண்டரின் தோடம்பழம் வைத்தாள் நிதுஷா.
ஒருங்கமை சமன்பாடு இரண்டு.
வரைந்து தீர்க்கவேண்டும், திங்களுக்குள்.
உதாரணம் சொந்தமாக இருக்கட்டும் என்றாராம்
ரோத்லிஸ்பெர்கர் டீச்சர்.

சொந்தமாய் எங்களிடம் என்ன இருக்கிறது,
சனிக்கிழமை ரயிலைத் தவிர.

கிடையச்சில் நிமிடம்; காலை பத்து மணி பூச்சியம்.
நிலைக்குத்தச்சில் கிலோமீட்டர்; அடியில் நாங்கள்,
நாற்பத்தெட்டில் மால்ட்டர்ஸ், அவளுடைய அப்பா.
(எண்களைக் கொஞ்சம் மட்டம் தட்டியிருக்கிறாள்.
ரயில்வேக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.)
எங்களுடையது மூச்சுவாங்கி ஏறுகிற வண்டி,
நிமிடத்துக்கு எண்ணூறு மீட்டர்.
அவருடையது ஒரு கிலோமீட்டர், முழுசாக.
ஒரு கோடு ஏறியது. ஒரு கோடு இறங்கியது.
இறங்குகிற கோட்டுக்குப் படித்திறன் மறை, என்றாள்.
எதை மறைக்க என்று கேட்க வாயெடுத்து
தேத்தண்ணிக்குச் சீனி போட்டேன்.

வெட்டிய இடத்தில் ஒரு குட்டி வட்டம்.
இருபத்தாறா, இருபத்தேழா?
ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்த்தாள்.
தாளின் பின்புறம் அட்சரகணிதத்தில் செய்தாள்:
எண்பதை மூன்றால் பிரிக்க
இருபத்தாறு நிமிடம், நாற்பது விநாடி.
அந்த நாற்பதும் இவ்வளவு நேரம்
பென்சில் கோட்டின் தடிப்புக்குள் இருந்திருக்கிறது.

கூராகச் சீவினால் தெரியுமா?
கொஞ்சம் தெரியும், என்றாள். முழுக்கத் தெரியாது.

பிறகுதான் அவளுக்கே திடுக்கிட்டது.
இருபத்தொரு கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்டேஷன் இல்லை.
புல்வெளி, மணி கட்டிய மாடுகள், கல்லிடுக்கில் எம்மே ஆறு,
ஒற்றைத் தண்டவாளம்.
விடை சரியாக வந்தால்
ரெண்டு ரயிலும் முட்டும் அம்மா.

அழிறப்பர் எடுத்தாள்.
இருபதில் ஷுப்ஹைம்:
நாங்கள் போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம், அவர்களுக்கு இருபத்தெட்டு.
இருபத்துநாலில் ஹாஸ்லே:
அவர்கள் வந்து ஆறு நிமிடம் நின்றால்தான்
நாங்கள் தலைகாட்டுவோம்.
ஆகவே ஷுப்ஹைமில் எங்கள் கோட்டைத் தட்டையாக்கினாள்,
மூன்று கட்டம்.
நேரம் போகிறது. தூரம் போகவில்லை.

எப்பவும் நாங்கள்தானா நிற்கவேண்டும், என்றேன்.
குரல் ஒரு படி ஏறிவிட்டிருக்கவேண்டும்;
நிமிர்ந்து பார்த்தாள்.
ஆறைவிட மூன்று சின்னது, அம்மா. அவ்வளவுதான்.

அப்புறம் கலர் பென்சில்கள்.
எனக்குப் பச்சை: ஷுப்ஹைம் வரை ஏறி,
தட்டையாய் நின்று, அவர் வந்த வண்டியில் வீடு திரும்புகிறது.
அப்பாவுக்கு மண்ணிறம்: இறங்கி வந்து
நான் விட்ட ரயிலில் திரும்பவும் ஏறுகிறது.
ரெண்டு கோடும் அந்த மேடையில் முறிகின்றன.
தனக்குச் சிவப்பு. அது நிற்கிறது, போகிறது;
திரும்பவில்லை.
நான் கதிரையை விட்டு எழும்புறதே இல்லைத்தானே, என்றாள்.

உண்மைதான்.
மாறுவது பக்கத்துக் கதிரை மட்டும்.

சனிக்கிழமை மூன்று கட்டமும் அவளோடு இருந்தேன்.
ஒரு தோடம்பழம் உரித்தோம்.
எதிர்வண்டி வந்தது. இறங்கினேன். இறங்கினார்.
இருமல் பாணி பக்கப்பையில்.
எத்தனை நேரம்?
ரெண்டு. சாப்பிட்ட பிறகு.
அவர் மழைச்சட்டையில் இன்னும் ஈரம்;
அங்கே மழை போலும். இங்கே இல்லை.
கதவுகள் கீச்சிட்டன. எத்தனை விநாடி என்று
எண்ண மறந்துபோனேன்.

லங்னவில் பையைத் திறந்தால்
கணக்குக் கொப்பி என்னிடம்.
விடை என்ற இடத்தில் ஜெர்மனில்
எழுதியிருந்தாள்: ஏறத்தாழ இருபத்தேழு.
யன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்.
திங்களுக்குள் வேண்டும், பிரதி எடுக்கச் சொல்லுங்கோ.
அனுப்பிய பிறகுதான் கண்டேன்,
மேடையில் முறிகிற இடத்தில், மண்ணிறத்தின் மேலே,
என் பெருவிரலின் நிழல்.